ஃபைட்டர் மீனில் ஆணையும் பெண்ணையும் ஒரே தொட்டியில் வளர்க்கலாமா?

அம்மாப்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "மகள் பிறந்தநாளுக்கு ஃபைட்டர் மீன் ஒரு ஜோடி வாங்கி, இரண்டடித் தொட்டியில் விட்டோம். முதல் நாள் ஆண் மீன் செவுளை விரித்துக்கொண்டு பெண் மீனையே சுற்றிச் சுற்றி வந்தது. கொஞ்சுகிறது என்று நினைத்தோம். மறுநாள் காலையில் பார்த்தால் பெண் மீனுக்கு வால் கிழிந்து தொங்குகிறது. ஃபில்டருக்குப் பின்னால் ஒண்டிக் கிடக்கிறது, தீனியும் எடுக்கவில்லை. நடுவில் தடுப்பு வைத்தால் போதுமா? ஏற்காட்டில் இருக்கும் என் தம்பியும் ஒரு ஜோடி கேட்கிறான். அங்கே குளிர் தாங்குமா?"

அந்தப் பெண் மீனை முதலில் வெளியே எடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம். வலையால் பிடிக்க வேண்டாம், கிழிந்த வால் வலைக்கண்ணில் சிக்கி இன்னும் கிழியும். ஒரு டம்ளரைத் தண்ணீருக்குள் சாய்த்து மீனை மெதுவாக உள்ளே வரவிட்டு, தண்ணீரோடு அப்படியே தூக்குங்கள். சோப்பு படாத ஒரு டப்பா போதும், ஆனால் பத்து லிட்டராவது பிடிக்க வேண்டும். பாதி அதே தொட்டித் தண்ணீர், பாதி புதுத் தண்ணீர். மேலே மூடி வையுங்கள், இது துள்ளி வெளியே விழுகிற மீன்.

புதுத் தண்ணீர் என்றதும் குழாயில் பிடித்து அப்படியே ஊற்றிவிடக் கூடாது. குழாயில் வருகிற மேட்டூர் தண்ணீரில் குளோரின் கலந்திருக்கும். வாய் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் போய்விடும். அவசரம் என்றால் மீன் கடையில் ஆண்டி குளோரின் சொட்டு மருந்து கேட்டு வாங்குங்கள். போர் தண்ணீர் என்றால் குளோரின் பயம் இல்லை, ஆனால் நம் ஊர்ப் பக்கம் பல இடங்களில் உப்பும் கடினமும் அதிகம். ஃபைட்டர் அதற்கும் பழகிவிடும். இன்று போர், நாளை குழாய் என்று மாற்றிக்கொண்டே இருப்பதைத்தான் அதனால் தாங்க முடியாது.

ஒரு வாரத்துக்குத் தினமும் கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். தெருவில் பாதாம் மரம் என்று சொல்கிறோமே, அந்த நாட்டு வாதுமையின் காய்ந்து உதிர்ந்த பழுப்பு இலையைக் கழுவி, உள்ளங்கை அளவுக்குத் துண்டாக்கிப் போடுங்கள். தண்ணீர் லேசான டீ நிறத்துக்கு வரும், பயப்பட வேண்டாம். கிழிந்த துடுப்பு பொதுவாகச் சில வாரங்களில் வளர்ந்துவிடும். புதிதாக வளரும் ஓரம் முதலில் நிறமில்லாமல் கண்ணாடி மாதிரி இருக்கும். அதைப் பூஞ்சை என்று நினைத்து மருந்து ஊற்றிவிடாதீர்கள். ஓரம் கறுத்துக் கரைந்துகொண்டே உடம்பை நோக்கிப் போனால்தான் அது அழுகல். அப்போது மருந்து தேவை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஆணையும் பெண்ணையும் ஒரே தொட்டியில் நிரந்தரமாக வைக்கக் கூடாது. கடையில் 'ஜோடி' என்று சொல்லி விற்பதுதான் எல்லாருக்கும் குழப்பம். புறா மாதிரி, கிளி மாதிரி இந்த மீனுக்கு ஜோடி வாழ்க்கை கிடையாது. இதன் சொந்த ஊர் தாய்லாந்து. 2019-ல் அந்த நாடு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது. அங்கே நெல்வயலிலும் ஆழமில்லாத சேற்றுக் குட்டையிலும் ஒவ்வொரு ஆணும் தனக்கென்று ஒரு இடம் பிடித்து, நீர்மட்டத்தில் எச்சில் குமிழிகளால் கூடு கட்டும். பெண் வரும், முட்டையிடும், போய்விடும். கூட்டையும் முட்டையையும் பார்த்துக்கொள்வது ஆண்தான். முட்டையிட்டு முடித்த பெண்ணை அது எதிரியாகத்தான் பார்க்கும், ஏனென்றால் முட்டையைத் தின்ன வாய்ப்புள்ள மீன் பக்கத்தில் அதுதான். வயலில் துரத்தினால் பெண் புல்லுக்குள் புகுந்து தப்பித்துவிடும். உங்கள் தொட்டியில் எங்கே போகும்? நான்கு பக்கமும் கண்ணாடி.

அதனால் முதல் நாள் நீங்கள் பார்த்தது கொஞ்சல் என்று சொல்ல முடியாது. ஆண் செவுள் விரிப்பது மிரட்டலாகவும் இருக்கும், அழைப்பாகவும் இருக்கும். எது என்று தெரிய வேண்டுமானால் பெண்ணின் உடம்பைப் பாருங்கள். மேலிருந்து கீழாக வெளிர் பட்டைகள் தெரிந்து, வயிறு உப்பி, வயிற்றடியில் உப்புக்கல் போல ஒரு வெள்ளைப் புள்ளி துருத்தியிருந்தால் அது தயார். தலையிலிருந்து வால் வரை நீளவாக்கில் கருங்கோடு ஓடினால் அது பயந்து போயிருக்கிறது. வெளிர் நிற மீன்களில் இந்தக் கோடுகள் சரியாகத் தெரியாது. அப்போது அது ஒளிகிறதா, எதிரே வந்து நிற்கிறதா என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

தடுப்பு வைக்கலாம். ஆனால் கண்ணாடித் தடுப்பு வேண்டாம். நாள் முழுக்க ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருந்தால் ஆண் ஓயாமல் செவுள் விரித்துச் சோர்ந்துவிடும், பெண் தீனி எடுக்காது. ஒளி ஊடுருவாத பிளாஸ்டிக் ஷீட்டில் சிறு துளைகள் போட்டு வையுங்கள். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் ஸ்டிக் ஃபைலின் பிளாஸ்டிக் பட்டையை இரண்டு பக்கக் கண்ணாடியிலும் சிலிக்கானால் ஒட்டி, அதில் ஷீட்டைச் செருகினால் ஆடாமல் நிற்கும். சிலிக்கான் காய்ந்து வாடை போகும் வரை மீனை விடாதீர்கள். அடியில் ஷீட் மணலுக்குள் புதைய வேண்டும், மேலே மூடியைத் தொட வேண்டும். இரண்டு விரல் இடைவெளி விட்டால் இரவோடு இரவாகத் தாண்டிவிடும். உங்கள் இரண்டடித் தொட்டிக்கு இது நன்றாகவே ஒத்துவரும். இடமிருந்தால் தனித்தனித் தொட்டி இதைவிட நல்லது.

'பெண்களை மட்டும் நாலைந்து சேர்த்து விடலாமே' என்று சிலர் சொல்வார்கள். பெரிய தொட்டியும் அடர்ந்த செடியும் இருந்தால் சில சமயம் நடக்கும், சில சமயம் ஒன்று மற்றவற்றைக் கடித்தே ஒழித்துவிடும். நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

குஞ்சு எடுக்க ஆசை இருந்தால் மட்டும் இரண்டையும் சேருங்கள், அதுவும் பெண் முழுவதும் தேறிய பிறகு. தனித் தொட்டியில் அரை அடி உயரத்துக்கும் குறைவாகத் தண்ணீர், 27 டிகிரிச் சூடு, பெண் ஒளிய நிறையச் செடி. ஆணை முதலில் விட்டு, அடி வெட்டிய பாட்டிலுக்குள் பெண்ணை வைத்து ஒரு நாள் காட்டுங்கள். கூடு எழும்பி, பெண்ணும் பட்டை காட்டினால் திறந்து விடலாம். திறந்த பிறகு அங்கிருந்து நகரக் கூடாது. தொடக்கத்தில் நான் ஒரு முறை, கூடுதான் கட்டிவிட்டதே என்று நம்பி, திறந்துவிட்டுக் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது பெண் மீன் செத்துக் கிடந்தது. இன்றும் அதை நினைத்தால் மனசு கேட்பதில்லை.

எல்லாம் சரியாக நடந்தால் ஆண் பெண்ணைச் சுற்றி வளைத்து இறுக்கும், வெள்ளை முட்டைகள் ரவை மாதிரி உதிரும், ஆண் அவற்றை வாயால் பொறுக்கிக் கூட்டில் ஒட்டும். சில மணி நேரம் இது தொடரும். முடிந்ததும் பெண்ணை எடுத்துவிடுங்கள். குஞ்சுகள் இரண்டு நாளில் பொரித்து, அடுத்த இரண்டு மூன்று நாளில் நேராக நீந்தும். அப்போது ஆணையும் எடுத்துவிட வேண்டும். ஆனால் ஆரம்பிக்கும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். ஒரே ஈட்டில் நூறு, இருநூறு குஞ்சுகூடத் தேறும். இரண்டு மூன்று மாதத்தில் ஆண் குஞ்சுகள் சண்டை போடும், ஒவ்வொன்றுக்கும் தனிப் பாட்டில் வேண்டும், ஒவ்வொரு பாட்டிலுக்கும் தண்ணீர் மாற்ற வேண்டும். சமாளிக்க முடியாமல் சேலம் மூக்கனேரியிலோ ஏற்காடு ஏரியிலோ கொண்டுபோய் விடுவது ஏரிக்கும் கேடு, மீனுக்கும் கேடு.

தம்பிக்கு ஒரே ஒரு மீனை வாங்கிக் கொடுங்கள். ஆணோ பெண்ணோ, தனியாக இருந்தால் அதற்கு ஒரு குறையும் இல்லை. ஏற்காட்டில் ஹீட்டர் இல்லாமல் இந்த மீனை வைக்கவே கூடாது. இதற்கு 24 முதல் 28 டிகிரி வரை வேண்டும். மார்கழி, தை இரவுகளில் அங்கே அதற்கு வெகுவாகக் கீழே போய்விடும். 40 லிட்டர் தொட்டிக்குத் தெர்மோஸ்டாட் உள்ள 50 வாட் ஹீட்டர் போதும். மூடியும் கட்டாயம், ஏனென்றால் இது மேலே வந்து காற்றையும் குடிக்கிற மீன், மூடிக்குக் கீழே இருக்கும் காற்று வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். கரண்ட் போனால் தொட்டியைச் சுற்றிக் கம்பளி போர்த்தினால் சில மணி நேரம் தாங்கும்.

கொண்டுபோவதற்கு முந்தின நாள் தீனி போடாதீர்கள். பையில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மீதி காற்று. பையைத் தெர்மாகோல் பெட்டிக்குள் வைத்து எடுத்துப் போனால் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள் தண்ணீர் குளிர்ந்துவிடாது. அங்கே தொட்டியில் முதல் நாளே ஹீட்டரைப் போட்டு வைக்கச் சொல்லுங்கள். போனதும் பையைப் பிரிக்காமல் அரை மணி நேரம் மிதக்கவிட்டு, பிறகு தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் கலந்து, கடைசியில் மீனை மட்டும் உள்ளே விட வேண்டும்.