டெர்ஷியரி ஹாலைடு போட்டா ஈதர் ஏன் வரல?

டெர்ஷியரி பியூட்டைல் புரோமைடையும் சோடியம் மெத்தாக்சைடையும் சேத்தா ஈதர் (நடுவுல ஆக்சிஜன், ரெண்டு பக்கமும் கார்பன்) வரணும்லா, ஏன் ஐசோபியூட்டிலீன்ங்கிற ஆல்கீன் (கார்பன் டபுள் பாண்ட் உள்ளது) வருதுன்னு மார்த்தாண்டத்துலருந்து பிளஸ் டூ தம்பி கேட்டிருக்காப்ல. நல்ல கேள்வி மக்களே.

ஹாலைடையும் ஆல்காக்சைடையும் (மெத்தாக்சைடு மாதிரி, ஆல்கஹால்லருந்து வாரது) சேத்து ஈதர் செய்ய 1850-ல வில்லியம்சன் கண்டுபிடிச்ச இந்த முறை எஸ்.என்.2 (ஒண்ணு வந்து ஒட்டும்போதே இன்னொண்ணு கழண்டு போறது) வழியாத்தான் நடக்கும், அதாவது ஆல்காக்சைடு ஹாலைடுல புரோமின் ஒட்டியிருக்க கார்பனை புரோமினுக்கு நேர் எதிர்ப்பக்கமா வந்து இடிக்கணும், ஆனா டெர்ஷியரி கார்பன்ல (மூணு கார்பன் ஒட்டியிருக்கது) மூணு மெத்தில் அடைச்சுட்டு நிக்கி, காலைல வடசேரில கிளம்புத பஸ்ஸு படிக்கட்டு மாதிரி, உள்ள நுழைய எடமே இல்ல. மெத்தாக்சைடு சும்மா போவுமா, அது நல்ல ஸ்ட்ராங் பேஸ், பக்கத்து கார்பன்லருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கிட்டுப் போயிரும், உடனே புரோமைடும் கழண்டு டபுள் பாண்ட் வந்துரும். இதுக்குப் பேருதான் எலிமினேஷன்.

அப்போ என்ன செய்யணும்? ஆளை மாத்திப் போடு, அவ்வளவுதான். டெர்ஷியரி பக்கத்தை ஆல்காக்சைடா வச்சுக்கோ, மெத்தில் அயோடைடை ஹாலைடா எடு, ஈதர் ஜோரா வரும். செகண்டரி ஹாலைடுலயும் (ரெண்டு கார்பன் ஒட்டுனது) ஆல்கீன் நிறைய கலக்கும், பிரைமரிதான் (ஒரு கார்பன் மட்டும் ஒட்டுனது) நம்பிக்கை. புரோமோபென்சீனையும் தொடாத, பென்சீன் வளையத்துல எஸ்.என்.2 நடக்காது, அனிசோல் (பென்சீன் வளையம் உள்ள மெத்தில் ஈதர்) வேணும்னா சோடியம் ஃபீனாக்சைடு கூட மெத்தில் அயோடைடு. எக்ஸாம்ல இதைத்தான் திருப்பித் திருப்பிக் கேப்பானுவ.