பெருந்தொற்றுக் காலத்தில் பயிற்சி மருத்துவர்கள் மன உளைச்சலை எப்படிச் சமாளித்தார்கள்? யோகா, தியானம் உதவினவா?

சிலருக்கு உதவியிருக்கலாம். நான் பார்த்தவரை கைகொடுத்தவை அவற்றைவிடச் சாதாரணமானவை: போட்டபடி நடந்த டியூட்டி பட்டியல், தூக்கம், கெட்ட செய்தி சொல்லும் வேலையைப் பங்கிட்டுக்கொண்ட மூத்தவர்கள்.

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. 2021ஆம் ஆண்டு இரண்டாம் அலையின்போது கோவையில் ஒரு மருத்துவமனையில் பொது மருத்துவம் முதுநிலை படித்துக்கொண்டிருந்தேன். மே 8 அன்று கேரளத்திலும் மே 10 அன்று தமிழ்நாட்டிலும் முழு ஊரடங்கு வந்தது. அடையாள அட்டையைக் காட்டினால் வேலந்தாவளம் சோதனைச் சாவடியில் விட்டுவிடுவார்கள்தான். ஆனால் வீட்டில் வயதானவர்கள் இருந்ததால் நான் போகவில்லை.

கோவிட் வார்டிலிருந்து மாலைதோறும் நோயாளிகளின் வீட்டாரை அழைத்து நிலவரம் சொல்வது இளையவர்களான எங்கள் வேலை. எனக்கு மலையாளமும் தெரியும் என்பதால் எல்லைக்கு அப்பாலுள்ள குடும்பங்கள் பெரும்பாலும் என் தலையில்தான் விழுந்தன. சித்தூர்ப் பக்கத்து மகள் ஒருவர் எடுத்தவுடனே, "டாக்டரே, அப்பா கஞ்சி குடிச்சாரா?" என்றுதான் கேட்பார், ஆக்சிஜன் அளவு எண்பதுகளில் இறங்கியிருந்தாலும் கஞ்சிக்குப் பதில் சொன்ன பிறகே அதைச் சொல்ல முடியும். அவருடைய அப்பா இறந்த செய்தியையும் நானே சொன்னேன். சொல்லி முடித்த கையோடு அடுத்த எண்ணை அழுத்தி, வேறொரு வீட்டாரிடம் "இன்று பரவாயில்லை" என்றேன். பிபிஇ உடையின் புழுக்கத்தையும் தொற்றுப் பயத்தையும் தாங்க முடிந்த எங்களால் இதைத் தாங்க முடியவில்லை. பிறகு எங்கள் யூனிட் தலைவர், இறப்புச் செய்தியை உதவிப் பேராசிரியர்தான் சொல்ல வேண்டும், சொன்ன கையோடு யாரும் அடுத்த அழைப்பை எடுக்கக் கூடாது என்று விதி வைத்தார். எந்த ஆலோசனை வகுப்பும் செய்யாததை அந்த விதி செய்தது.

அலை ஓய்ந்த பிறகுதான் பலர் உடைந்தார்கள். ஏப்ரல் 18 அன்று நடக்கவிருந்த முதுநிலை நீட் தேர்வு செப்டம்பர் 11க்குத் தள்ளிப்போனது. கலந்தாய்வு 2022 ஜனவரி 12 அன்றுதான் தொடங்கியது. அதுவரை முதலாண்டு மாணவர்களே வராததால், அவர்களுடைய வேலையும் ஏற்கெனவே களைத்திருந்தவர்கள் மீதே விழுந்தது. பயிற்சி மருத்துவர்களுக்கு வாரத்துக்கு 48 மணி நேரம் என்று மத்திய அரசு 1992இலேயே சொல்லியிருந்தது. தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024இல் பரிந்துரைத்த உச்சவரம்போ 74 மணி நேரம். உண்மையில் வேலை எவ்வளவு நீண்டது என்பதை இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

உதவி இருந்தும் பலர் போகவில்லை, ஏனென்றால் மனநலப் பிரிவில் இருப்பவர்கள் எங்களுக்குப் பாடம் எடுப்பவர்கள், நாளைக்கு வைவா என்ற வாய்மொழித் தேர்வில் எதிரே உட்காரக்கூடியவர்கள். அதனால் கல்லூரிக்கு வெளியே பேசுவதே பலருக்கு எளிது. அப்போது கேரளத்தில் 1056 என்ற திசா உதவி எண் இருந்தது. 2022 அக்டோபர் முதல் மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 தமிழிலும் மலையாளத்திலும் கிடைக்கிறது. நோயாளியைப் படுக்கை எண்ணாக மட்டுமே நினைக்கத் தோன்றுவதோ, ஓய்வு நாளிலும் தூக்கம் வராததோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அழையுங்கள். உயிரை விடும் எண்ணம் வந்தால் அன்றைக்கே அழையுங்கள். அறைத் தோழரிடமும் சொல்லிவிடுங்கள், அன்றைய இரவு டியூட்டியை வேறொருவர் பார்த்துக்கொள்வார்.