சுவரில் மாட்டும் முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 22 காரட் தங்கத் தகடு என்று சொல்லி விற்ற தஞ்சாவூர் ஓவியத்தை 18,000 ரூபாய்க்கு வாங்கிக் கூடத்தில் மாட்டினோம். பத்தாம் மாதமே கண்ணனின் கிரீடம் கறுத்துவிட்டது. கடற்காற்று அப்படித்தான் செய்யும் என்கிறார் கடைக்காரர். (நாகப்பட்டினம்)

பதில்: பாவம், கடற்காற்று. 22 காரட் தங்கம் பத்து மாதத்தில் கறுக்காது. கறுத்தது செம்பு கலந்த போலித் தகடாகத்தான் இருக்கும். சுண்ணப்பொடியும் பசையும் கலந்து மேடு எழுப்பி அதன்மேல் தகட்டை ஒட்டிய பிறகு, எது தங்கம் என்பதை வாங்குகிறவர் கண்ணால் பிரித்தறிய முடியாது. ஆகவே நீங்கள் ஏமாந்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உதிர்ந்த துணுக்கு ஒன்றைத் தங்கம் சோதிக்கும் இடத்தில் கொடுத்து எழுத்தில் முடிவைப் பெற்று, ரசீதின் நகலுடன் கடைக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக் கெடு மட்டும் தவறக் கூடாது.

கேள்வி: ஜன்னலுக்கு நேர் எதிரே மாட்டிய நீர்வண்ண ஓவியம் மூன்று ஆண்டுகளில் வெளுத்துப்போனது. விற்றவரிடம் பணம் திரும்பக் கேட்கலாமா? (மதுரை)

பதில்: வெயிலிடம் கேளுங்கள்.

கேள்வி: என் தாத்தா வரைந்த பென்சில் படத்துக்குச் சட்டம் போடக் கொடுத்தேன். கடைக்காரர் அதை அட்டையில் ஒட்டி, ஓரத்தில் இருந்த கையெழுத்தையும் வெட்டிவிட்டார். நேர்த்தியாக இருப்பதற்காகச் செய்தாராம். (கோயம்புத்தூர்)

பதில்: படிக்கவே நெஞ்சு கொதித்தது. சட்டத்தின் அளவுக்குப் படத்தை வெட்டுவதும், சுருக்கம் வரக் கூடாது என்று முதுகு முழுவதும் பசை தடவி ஹார்டுபோர்டில் ஒட்டுவதும் நம் ஊர்க் கடைகளில் பலகாலமாக நடக்கும் அநியாயம். ஒட்டிய காகிதத்தைச் சேதமில்லாமல் பிரிப்பது மிகக் கடினம். மரக்கூழ்ப் பலகையில் உள்ள அமிலம் காகிதத்துக்குள் ஏறிப் பழுப்பாக்கும். மேல் ஓரத்தில் மட்டும் மெல்லிய காகிதக் கீல் இரண்டை மாவுப் பசையால் ஒட்டித் தொங்கவிடுவதே அருங்காட்சியக வழக்கம். கண்ணாடி படத்தைத் தொடாதபடி அமிலமற்ற மவுண்ட் அட்டை இடையில் இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் மழைக்கால ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். மழை அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டினால் சட்டத்தின் பின்னால் நான்கு மூலையிலும் தக்கைத் துண்டு வைத்துக் காற்றுப் போக வழிவிடுங்கள். இவ்வளவும் செய்யத் தெரிந்த கடைகள் உண்டு, கூலி சற்று அதிகம். 'வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது' என்று இனி ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். உங்கள் தாத்தாவின் கையெழுத்துக்கு ஈடில்லை. ஆனாலும் சேவைக் குறைபாடு என்று புகார் கொடுங்கள், விடாதீர்கள்.

கேள்வி: இணையத்தில் 12,000 ரூபாய்க்கு 'அசல் ரவிவர்மா' வாங்கினேன். உருப்பெருக்கியில் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. ரசீது இல்லை, விற்றவர் பெயரும் நினைவில்லை. (சென்னை)

பதில்: பெயர் தெரியாதவரிடம், ரசீது இல்லாமல், கோடிக்கணக்கில் விலைபோகும் ஓவியரின் அசலைப் பன்னிரண்டாயிரத்துக்கு எதிர்பார்த்தீர்களா? ரவிவர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் பழைய கல்லச்சுப் படங்களில் புள்ளிகள் ஒழுங்கின்றிச் சிதறியிருக்கும். வரிசை பிசகாத புள்ளிகள் என்றால் அண்மைக்கால அச்சு. பணம் கட்டும் முன் பார்த்திருக்க வேண்டிய உருப்பெருக்கி அது. இதை நான் உரக்கச் சொல்லக் கூடாதுதான். மும்பைப் பழம்பொருள் கடை ஒன்றில் நானே நான்காயிரம் கொடுத்து வாங்கிய 'பழைய' சரஸ்வதியின் பழுப்பு நிறம் தேயிலைச் சாயம் என்று வீட்டுக்கு வந்து முகர்ந்த பிறகே தெரிந்தது. அவள் இன்னும் என் மாடிப்படிச் சுவரில்தான் இருக்கிறாள்.

கேள்வி: படத்தை எவ்வளவு உயரத்தில் மாட்டுவது? (திருச்சி)

பதில்: படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய ஐந்தடிக்குள் வரட்டும், உட்கார்ந்து பார்க்கும் அறையானால் இன்னும் சற்றுக் கீழே.