வயதான அப்பா அம்மாவுடன் லாஸ் வேகஸில் தங்கி, கிராண்ட் கேன்யனை ஒரே நாளில் பார்த்துவிட்டு வரலாமா?

ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரும் ஐந்து வயதுப் பையனும் உடன் வருகிறார்கள், வேகஸில் அறை எடுத்துக்கொண்டு காலையில் போய் இரவு திரும்ப முடியுமா, ஸயான், பிரைஸ் பூங்காக்களையும் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். ஆனால் செய்யாதீர்கள். வேகஸிலிருந்து கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பு சுமார் 280 மைல். போக நாலரை மணி நேரம், வரவும் அதே. விடியும் முன்பே கிளம்பினாலும் வழியில் பாத்ரூம், சாப்பாடு என்று நிறுத்தி, உச்சிவெயிலில்தான் போய் நிற்பீர்கள். அந்த நேரத்தில் பாறைகளில் நிழலே இருக்காது. ஆழமும் மடிப்புகளும் கண்ணுக்குப் பிடிபடாது. இதற்காகவா இவ்வளவு தூரம் என்று பெரியவர்கள் மனதுக்குள் நினைப்பார்கள், வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பள்ளத்தாக்கின் நிறம் மாறுவதெல்லாம் காலையிலும் மாலையிலும்தான். அதனால் எத்தனை இடம் பார்ப்பது என்பதைவிட, இரவு எங்கே படுப்பது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

மாமனார் மாமியாரையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு நாங்கள் போனது ஒரு வட்டம்: வேகஸ், ஸயான், பிரைஸ், பேஜ் ஊர், கிராண்ட் கேன்யன், திரும்ப வேகஸ். கடைசிப் பயணத்தைத் தவிர மற்றதெல்லாம் மூன்று மணி நேரத்துக்குள் முடிகிற ஓட்டம். ஸயானிலிருந்து பிரைஸ் இரண்டே மணி நேரம். வேகஸுக்கு ஒரு மாலை போதும். பெலாஜியோ ஹோட்டலின் நீரூற்றைக் காசில்லாமல் பார்க்கலாம். சூதாட்டக் கூடம் இல்லாத ஹோட்டலாகப் பாருங்கள். இல்லாவிட்டால் அறைக்குப் போகும்போதெல்லாம் குழந்தையோடு சிகரெட் புகைக்குள் நடக்க வேண்டியிருக்கும்.

ஸயானில் மார்ச் முதல் நவம்பர் வரை பெரும்பாலும் பள்ளத்தாக்குச் சாலைக்குள் சொந்தக் காரை விடமாட்டார்கள். பூங்காவின் இலவசப் பேருந்துதான். பெரியவர்களுக்கு அது வசதி. கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் ஆற்றோரமாக ஒரு தளம் போட்ட பாதை, போய்வர 2.2 மைல். பாதி தூரம் போய்த் திரும்பினாலும் குறை ஒன்றுமில்லை.

பிரைஸில் கவனிக்க வேண்டியது மூச்சு. கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பே ஏறக்குறைய கொடைக்கானல் உயரம், 7,000 அடி. பிரைஸ் அதற்கும் மேலே. அங்குள்ள ரெயின்போ பாயின்ட் 9,115 அடி, நம் ஆனைமுடியைவிட உயரம். மாமியார் பத்தடிக்கு ஒருமுறை நின்றார். சன்ரைஸ் பாயின்டுக்கும் சன்செட் பாயின்டுக்கும் இடையே அரை மைல் சமதளப் பாதை, பெஞ்சுகளோடு இருக்கிறது. அதுவே போதும், கீழே இறங்க வேண்டாம். இன்னொன்று: வழியில் பாத்ரூம் கிடைக்காதோ என்று பயந்து பெரியவர்கள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள். பாலைவனக் காற்றில் அது ஆபத்து. கேட்டுக்கொண்டிருக்காமல் பாட்டிலைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

பேஜில் பார்க்க வேண்டிய ஆன்டெலோப் கேன்யன் என்ற ஒடுங்கிய பாறை இடுக்கு, நவஹோ பழங்குடி மக்களின் நிலம். வழிகாட்டியுடன், முன்பதிவு செய்துதான் போக முடியும். அதில் லோயர் கேன்யன் என்ற பகுதியில் செங்குத்தான ஏணிகள். முழங்கால் வலிக்காரர்களுக்கு அது ஆகாது. எதற்குப் பதிவு செய்தாலும் படிக்கட்டு எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை அங்கே மழைக்காலம். 1997 ஆகஸ்டில் எங்கோ தொலைவில் பெய்த மழை வெள்ளமாக வந்து லோயர் கேன்யனில் 11 பேர் இறந்தார்கள். தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கிறதே என்று வழிகாட்டியோடு வாதாட வேண்டாம்.

அப்புறம் கடிகாரக் குழப்பம். ஸயானும் பிரைஸும் இருக்கும் யூட்டா மாநிலம் வேகஸைவிட ஒரு மணி நேரம் முன்னால். பேஜும் கிராண்ட் கேன்யனும் இருக்கும் அரிசோனா கோடையில் கடிகாரத்தை மாற்றுவதில்லை, ஆனால் அதற்குள்ளே இருக்கும் நவஹோ நிலம் மாற்றுகிறது. பேஜில் நிற்கும்போது போன் எந்த டவரைப் பிடிக்கிறதோ அந்த மணியைக் காட்டும். டூர்க்காரரிடம் எந்த மணி என்று கேட்டு, போனில் நேரத்தைக் கையால் வைத்துவிடுங்கள்.

சாப்பாட்டுக்குச் சின்ன ரைஸ் குக்கர், புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி. பேஜில் வால்மார்ட் இருக்கிறது, தயிரும் பழமும் அங்கே வாங்கிக்கொள்ளலாம்.

பேஜிலிருந்து கிழக்கு வாசலான டெஸர்ட் வியூ வழியாகக் கிராண்ட் கேன்யனுக்குள் நுழையுங்கள். தெற்கு வாசலில் நிற்கும் கார் வரிசை மிச்சம். அந்தச் சாலையில்தான் மாமனார் உற்சாகமானார். டட்டன் என்ற அமெரிக்க நிலவியலாளர் 19ஆம் நூற்றாண்டில் இங்குள்ள ஒரு சிகரத்துக்கு விஷ்ணு கோயில் என்று பெயர் வைத்தார். பிரம்மாவுக்கும் சிவனுக்கும்கூடச் சிகரங்கள் உண்டு. அடியில் கிடக்கும் 170 கோடி ஆண்டுப் பழைய பாறைக்கும் விஷ்ணுவின் பெயர்தான். கோயில் என்றதும் செருப்பை எங்கே விடுவது என்று கேட்டார், பாதி விளையாட்டாக. வரைபடத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சிகரமாகத் தேடினோம். விளிம்பை விட்டு அவரைக் கிளப்புவது பெரிய பாடாகிவிட்டது.

பூங்காவுக்குள் இருக்கும் விடுதிகளுக்கு 13 மாதம் முன்பே பதிவு தொடங்கிவிடும். கிடைக்காவிட்டால் தெற்கு வாசலுக்கு வெளியே டுஸாயன் ஊர். 2026 முதல் வெளிநாட்டுப் பயணிகளுக்கு இந்த மூன்று பூங்காக்களிலும் நுழைவுக் கட்டணம் தனி, அதிகமும்கூட. பெற்றோர் விசாவில் வந்தவர்கள் என்பதால் பூங்கா இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். வேகஸ் பக்கத்திலேயே கண்ணாடிப் பாலத்தோடு ஒரு கிராண்ட் கேன்யன் வெஸ்ட் இருக்கிறதே என்று யாராவது சொல்வார்கள். அது ஹுவாலபாய் பழங்குடியினர் நடத்துவது, தேசியப் பூங்காவில் சேராது, பூங்கா பாஸும் செல்லாது.

வடக்கு விளிம்பை இந்த முறை விட்டுவிடுங்கள். எதிரே 10 மைலில் தெரியும், காரில் போனால் 215 மைல். போதாததற்கு 2025 ஜூலைக் காட்டுத்தீயில் அங்கிருந்த பழைய விடுதியும் எரிந்துபோய்விட்டது.