மாநிலம் முழுக்க மடிக்கணினி கொடுத்தால் போதுமா?

மாநில அரசே எல்லா அரசுப் பள்ளிகளுக்கும் மடிக்கணினி வாங்கிக் கொடுத்தால் கற்பித்தல் மாறிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்குவது சுலபமான பாதி. மீதியைப் புரிந்துகொள்ள அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தைப் பார்க்கலாம்.

அங்கே ஆளுநர் ஆங்கஸ் கிங் 2000இல் இந்த யோசனையை முன்வைத்தபோது எதிர்ப்பு பலமாகத்தான் இருந்தது. ஆனாலும் 2002இல் ஏழாம் வகுப்பிலும், அடுத்த ஆண்டு எட்டாம் வகுப்பிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மடிக்கணினி வந்தது. எனக்குப் பிடித்த விஷயம் வேறு. கருவியோடு கம்பியில்லா இணையம், பழுதுபார்ப்பு, ஆசிரியர் பயிற்சி எல்லாம் ஒரே திட்டத்துக்குள் இருந்தன. சக ஆசிரியர்களுக்குக் கைகொடுக்க, பள்ளிக்குள்ளேயே ஓர் ஆசிரியர் பொறுப்பேற்றார். பாடத்தின் நடுவில் கணினி முரண்டு பிடித்தால் தலைநகரிலிருந்தா ஆள் வர முடியும்?

கிங்கின் பதவிக்காலம் 2003 தொடக்கத்தில் முடிந்தது. திட்டம் மட்டும் அடுத்தடுத்த ஆளுநர்களின் காலத்திலும் ஓடியது. உங்கள் மாநிலத் திட்டத்தை எடைபோட வேண்டுமானால், எத்தனை கணினி என்பதை விட்டுவிட்டு, பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் ஆண்டுதோறும் தனி நிதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.