டாக்டரிடம் கேளுங்கள்: காற்றடித்தாலே படபடக்கிறது

கேள்வி: என் வீட்டுக்காரர் ஆழ்கடல் தொழிலுக்குப் போகிறவர். 2017 ஒக்கிப் புயலில் மாட்டி, உயிரோடு திரும்பி வந்தார். அப்போதிருந்து காற்று பலமாக அடித்தாலே எனக்கு நெஞ்சு படபடக்கும். கடந்த ஒரு வருஷமாகக் காற்றே இல்லாவிட்டாலும் வருகிறது. பஸ்ஸில் ஏறினால் மூச்சு முட்டி, விரல்கள் மரத்து, இப்போதே செத்துவிடுவேன் போலிருக்கிறது. மூன்று தடவை இ.சி.ஜி., ஒரு தடவை எக்கோ. ஒன்றும் இல்லை என்கிறார்கள். தூக்கத்துக்கு எப்போதோ எழுதிக் கொடுத்த சின்ன மாத்திரையை மெடிக்கலில் வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இதற்கு விடிவு உண்டா?
– பெயர் வேண்டாம், தூத்தூர் பக்கம்

பதில்: உண்டு. நாலாவது இ.சி.ஜி. மட்டும் வேண்டாம்.

'ஒன்றும் இல்லை' என்றால் இருதயத்தில் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். உங்களுக்கு ஒன்றுமே இல்லை என்றல்ல. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் பேனிக் என்கிற பதற்ற நோய் மாதிரி தெரிகிறது. புயல் நாட்கள் கனவிலும் கண்முன்னும் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் அது வேறு வகை, சிகிச்சையும் கொஞ்சம் மாறும். கடிதத்தை வைத்து நான் முடிவு சொல்லக் கூடாது. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். தைராய்டுக்கும் ரத்தசோகைக்கும் ரத்தம் பார்த்திருக்காவிட்டால் அதையும் பார்த்துவிடலாம். அவ்வளவு தூரம் பஸ்ஸில் போகவே பயம் என்றால் முதலில் 14416-க்குப் போன் போடுங்கள். அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ் என்று பெயர், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

விரல் ஏன் மரத்துப்போகிறது தெரியுமா? பயத்தில் நீங்கள் தேவைக்கு மேல் வேகமாக மூச்சு விடுகிறீர்கள். ரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிடுகிறது. அதுதான் விரலில் மரப்பு, தலையில் கிறுகிறுப்பு. மூச்சு முட்டுகிறதே என்று இன்னும் ஆழமாக இழுப்பீர்கள், அது இன்னும் கூடும். இந்தப் படபடப்பு பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய், அப்புறம் தானாக இறங்கிவிடும். ஆனால் நீங்கள் அதற்கு முன்பே அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடுகிறீர்கள், இல்லையா? 'இறங்கியதால்தான் பிழைத்தோம்' என்று உடம்பு கணக்குப் போட்டுக்கொள்கிறது. அடுத்த தடவை பஸ்ஸைப் பார்த்தாலே ஆரம்பித்துவிடும்.

சிகிச்சையில் பாதி, இந்தக் கணக்கை மாற்றுவது. முதலில் பஸ் ஸ்டாப்பில் சும்மா நில்லுங்கள். அப்புறம் ஒரே ஒரு ஸ்டாப். அது பழகிய பிறகு கொல்லங்கோடு. மார்த்தாண்டம் சந்தை கடைசியில் இருக்கட்டும். படபடப்பு வந்தால் சீட்டை விட்டு எழுந்திருக்காதீர்கள். நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். அது இறங்கின பிறகுதான் நீங்கள் இறங்க வேண்டும். முதல் சில தடவை வீட்டில் யாரையாவது கூட்டிப் போங்கள், பிறகு தனியாக. மனநல ஆலோசகர் பக்கத்தில் இருந்து படிப்படியாகச் செய்ய வைத்தால் இன்னும் சுலபம்.

அந்தச் சின்ன மாத்திரை விஷயம் கொஞ்சம் கவனம். அது அல்பிரசோலமோ குளோனசெபாமோ ஆக இருக்கும். சில நாளைக்கு நல்லது, மாசக்கணக்கில் போட்டால் பழக்கமாகிவிடும். இதைப் படித்துவிட்டு நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று விட்டால் வலிப்பே வரலாம். டாக்டர்தான் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். இந்த நோய்க்குச் சரியான மருந்து எஸ்சிடலோபிராம், செர்ட்ராலின் போன்றவை. வேலை செய்ய ஒன்றிரண்டு மாசம்கூட ஆகும். முதல் வாரம் வயிற்றைப் பிரட்டும், சிலருக்குப் படபடப்பு கூடவும் செய்யும். 'மருந்து ஒத்துக்கொள்ளவில்லை' என்று பல பேர் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். குணமான பிறகும் பல மாசம் தொடர வேண்டும்.

ஜெபக்கூட்டத்துக்குப் போவதையோ மந்திரித்துக் கயிறு கட்டுவதையோ நான் தடுக்கமாட்டேன், மாத்திரையை நிறுத்தச் சொல்லாத வரை. ஆனால் செல்போனில் நாள் முழுக்க வானிலைச் செய்தி பார்ப்பதைத் தடுப்பேன். காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை, அதுவும் வானிலை மையம் சொல்வதை மட்டும். புயல் எச்சரிக்கை வந்திருக்கும்போது ஆள் கடலில் இருந்தால் யாருக்கும் நெஞ்சு பதறும். அதற்கு மாத்திரை கிடையாது, தேவையும் இல்லை.

கேள்வி: வயது 44. குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டு வேலை, தினம் 300 மரத்துக்கு மேல். முதுகு வலிக்கு ஸ்கேன் எடுத்ததில் 'டிஸ்க் பல்ஜ்' என்று வந்தது. இனி குனியவே கூடாது, வேறு வேலை பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து செருப்பு மாட்டக்கூடக் குனியப் பயம். வலது முழங்கையும் வலிக்கிறது.
– பால்வெட்டுத் தொழிலாளி

பதில்: வலியே இல்லாத 40 வயதுக்காரர்களை வரிசையாக நிறுத்தி ஸ்கேன் எடுத்தாலும், கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இதே 'பல்ஜ்', அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டு கொஞ்சம் பிதுங்கியிருப்பது, இருக்கும். நரைமுடி மாதிரிதான் அது. காலில் பலம் குறைந்தாலோ, மூத்திரம் போவதில் சிரமம் வந்தாலோ, உட்காரும் இடம் (பிட்டம்) மரத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். காய்ச்சலோடு முதுகு வலித்தாலும், காரணமில்லாமல் உடம்பு இளைத்தாலும் தள்ளிப் போடாமல் காட்டுங்கள். அதெல்லாம் இல்லையென்றால், படுத்துக் கிடப்பதுதான் உங்கள் முதுகுக்கு நீங்கள் செய்யும் கெடுதல். குனியாத முதுகு பலம் இழக்கும், பலமிழந்த முதுகு சீக்கிரம் வலிக்கும். மேலே இருக்கும் பஸ் கதைதான் இங்கேயும். வீட்டிலேயே தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்து பழகுங்கள். லேசாக வலித்தால் பரவாயில்லை.

வேலையில் மாற்ற வேண்டியது வேறு. பால் வெட்டுகிறவர்களைக் கவனித்திருக்கிறேன். காலை ஒரே இடத்தில் ஊன்றிக்கொண்டு இடுப்பை மட்டும் மரத்தைச் சுற்றித் திருப்புவார்கள். குனிவதும் திரும்புவதும் சேர்ந்து வருவதுதான் முதுகுக்கு ஆகாது. கத்தி நகரும்போது காலும் கூடவே நகரட்டும். வெட்டு கீழே இறங்கிவிட்ட மரத்தில், சாக்கை மடித்துப் போட்டு ஒரு முழங்காலை ஊன்றுங்கள். எல்லாத் தாழ்ந்த மரத்தையும் ஒரேயடியாக முடிக்காமல் நடுநடுவே உயரமானதையும் வெட்டுங்கள். பால் எடுக்கும்போது ஒரு கையில் நிறை வாளி வேண்டாம். இரண்டு கையிலும் அரை அரை வாளி, நடை கூடினாலும் சரி.

முழங்கை வலிக்கு முக்கால் காரணம் மொண்ணைக் கத்தியாக இருக்கும். தினமும் தீட்டுங்கள். பிடி மெலிசாக இருந்தால் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிமனாக்குங்கள், இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்காது. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் பிடித்து, முன்கையை மேசையில் வைத்து, மணிக்கட்டை மேலே தூக்கி மெதுவாக இறக்கும் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில வாரத்துக்குச் சொர்க்கம். ஆனால் வருஷம் கழித்துப் பார்த்தால், ஊசி போட்டவர்களுக்குப் போடாதவர்களைவிட மோசமாகத்தான் இருக்கிறது. நான் போடுவதில்லை.

வர்ம ஆசானிடம் எண்ணெய் தடவிக்கொள்ளலாமா என்றும் அடியில் எழுதியிருக்கிறீர்கள். தாராளமாக. கழுத்தைப் பிடித்து வெட்டித் திருப்ப மட்டும் விடாதீர்கள்.

கேள்வி: மனைவி அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலை) தரையில் குத்தவைத்து உட்கார்ந்து தோடு உடைக்கிறாள். முட்டு வலிக்கு, முட்டில் மாட்டும் 'நீ கேப்' உறை வாங்கவா?
– வாசகர், கருங்கல்

பதில்: அந்தக் காசுக்கு ஒரு ஸ்டூல் வாங்குங்கள். உட்கார்ந்தால் முட்டு இடுப்பைவிட உயரக் கூடாது, உடைக்கும் பலகையையும் அதற்கேற்ப உயர்த்த வேண்டும். ஒருத்தி மட்டும் ஸ்டூல் கேட்டால் மேஸ்திரி முறைப்பார், வரிசையில் இருக்கும் நாலைந்து பேர் சேர்ந்து கேட்கட்டும். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணி இறக்கச் சொல்லுங்கள், காலையும் மாலையும்.