கடலில் நிற்கும் தூணின் ஆயுள்

கேள்வி: கடலில் நிற்கும் எஃகுத் தூண் எவ்வளவு காலம் தாங்கும் என முன்கூட்டியே கணக்கிட இயலுமா?
– வாசகர், மண்டபம்

பதில்: ஓரளவு இயலும். தொடக்கத்தில், நீரில் கரைந்த ஆக்சிஜன் உலோகத்தை எட்டும் அளவே துருவின் வேகத்தைப் பெரிதும் தீர்மானிப்பதால், வெப்பநிலை, நீரோட்டம் போன்றவற்றைக் கொண்டு சமன்பாடு எழுதிவிடலாம். துருப்படலம் தடித்து, அதனடியில் ஆக்சிஜன் அற்றுப்போன பின்னர், கடல்நீரின் சல்பேட்டைக் கொண்டு வாழும் பாக்டீரியாக்கள் பெருகி, ஹைட்ரஜன் சல்பைடை வெளியிட்டு, எஃகைக் குழிகுழியாக அரிக்கக்கூடும். செந்துருவைச் சுரண்டும்போது கரிய பசையும் அழுகிய முட்டை நாற்றமும் வந்தால் அந்தப் பாக்டீரியாக்கள் இருப்பதாக ஐயுறலாம். எனவே, சோதனைக்காக ஓராண்டு கடலில் வைத்தெடுத்த எஃகுத் தகட்டின் எடையிழப்பை 50 ஆண்டுகளுக்கு அப்படியே நீட்டிக் கணக்கிடுவதை நான் ஏற்கமாட்டேன். பாம்பன் கால்வாயில் அலை தெறிக்கும் பகுதிக்கும் சேற்றில் புதைந்த பகுதிக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும். சராசரித் தேய்மானத்தோடு மிக ஆழமான குழியையும் அளந்தாக வேண்டும்.